ஒரு கூரை, பல காம்பரா – 7: பீலியின் கணக்கு

சென்ற ஆறு வாரங்களில் நாம் பேசிவந்தது சுவர் எழுந்த கதை. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 'சிஎச்ரூட்' என்ற சிற்றாணை பிறந்து, இயங்கும் நிரலொன்றுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையையே முழு மரமென்று காட்டியதையும், 1991இல் பெல் ஆய்வுகூடத்துப் பில் செஸ்விக் என்பவர், கடவுச்சொற் கோப்பைக் களவாட வந்த அந்நியன் ஒருவனை அவ்வாணையால் கட்டிய பொய் வீட்டுக்குள் மாதக்கணக்கில் உலவவிட்டதையும், 2000 மார்ச்சில் ஃபிரீபிஎஸ்டி 4.0 பதிப்போடு போல்-ஹென்னிங் காம்ப்பின் 'ஜெயில்' வெளிவந்ததையும் கண்டோம். 2002இல் லினக்ஸ், ஒரு நிரல் எதைக் காணலாம் என்று வரையறுக்கும் தன் முதல் பெயர்வெளியை அமைத்தபோது, இன்னொரு வகைப் பெயர்வெளிக்கு இனி அவசியமே நேராது என்ற நினைப்பில் அதற்கு வெறுமனே 'புதிய பெயர்வெளி' என்று பொதுப்பெயர் சூட்டிவைத்த விநோதத்தைச் சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தினோம்.

அவசியம் நேர்ந்தது. 2006 நவம்பரில் இரண்டு வகைகள் சேர்ந்தன. 2008 ஜனவரியில் செயன்முறைகளின் இலக்கங்களுக்கென்றே ஒன்று வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் இத்தொடரில் செயன்முறை என்று வழங்கிவருகிறோம். ஒரு செயன்முறைக்கு மற்றொன்றின் பெயர் தெரியாது, இலக்கம் தெரியாது, இருப்பே தெரியாது என்ற நிலை இவ்வாறு படிப்படியாய்க் கைகூடிவந்தது.

சுவர் எழுந்த பிறகுதான் தகராறு தொடங்கியது.

மழைநாள் பரீட்சை

சிங்கராஜ வனத்துப் பக்கமிருந்து திரண்டுவந்த மேகம் றக்வானைக் கடைத்தெருவை நண்பகலிலேயே இருட்டாக்கிவிட்ட ஒரு சனிக்கிழமையில், உயர்தரத்தில் கணினி படிக்கும் மாணவன் ஒருவன், இத்தொடரின் முற்பகுதிகளை வாசித்த உற்சாகத்தில், 4 கிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினியொன்றை உரப்பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி என் வீட்டு இஸ்தோப்பில் வந்து நின்றான்.

"சேர், நீங்க எழுதின மாதிரியே செவுரு கட்டிட்டேன். பாருங்க" என்றான்.

தலையைத் துவட்டக்கூட இல்லை. திரையைத் திறந்து 'அன்ஷேர்' என்ற கட்டளையைத் தட்டினான். 'பகிர்ந்துகொள்ளாதே' என்பது அதன் பொருள். புதிதாகப் பிறக்கும் செயன்முறைக்கு இலக்கங்களின் தனி உலகமொன்றை அமைத்துக்கொடு என்று, இயங்குதளத்தின் கருவான கெர்னலை அது கேட்டுக்கொள்கிறது. பிறகு, ஓடிக்கொண்டிருப்பவை யாவை என்று பட்டியல் கேட்டான். இருநூறுக்கு மேற்பட்ட வரிகள் ஓடவேண்டிய இடத்தில் இரண்டே வரிகள் வந்தன. ஒன்று, அவன் கட்டளைகளை வாங்கிக்கொண்டிருந்த ஷெல். மற்றது, அந்தப் பட்டியலைக் கேட்ட கட்டளையேதான்.

ஷெல்லின் இலக்கம் 1. சுவருக்கு வெளியே வேறொரு சன்னலைத் திறந்து பார்த்தால் அதே ஷெல்லுக்குப் பன்னீராயிரத்துச் சொச்சம் இலக்கம். வீட்டுக்குள்ளே அவன்தான் முதல்வன். தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டிலோ எத்தனையோ பேருக்குப் பின்னால் ஒரு பேர்.

"சரி தம்பி, உள்ளேயிருந்தே நினைவகம் எவ்வளவு என்று கேள்" என்றேன்.

கேட்டான். 4 கிகாபைட்டும் அப்படியே வந்து நின்றது. அதில் எவ்வளவு செலவாகியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்பதும் கூடவே வந்தது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பக்கத்துக் காம்பராவுல யாரு இருக்கான்னே இவனுக்குத் தெரியல. ஆனா அவுங்க எவ்வளவு தின்னிருக்காங்கன்னு தெரியுதே, சேர்!"

அடுத்து அவன் செய்ததுதான் விபரீதம். சுவருக்குள்ளேயே ஐந்து வரியில் ஒரு நிரல் எழுதினான்: நினைவகம் கேள், கிடைத்ததில் எதையாவது எழுது, மறுபடியும் கேள். வெளிச் சன்னலில் மெல்லிய குரலில் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் பாட்டு விக்கியது, பின் நின்றது. சுட்டியை அசைத்தால் அது அசையவில்லை. மடிக்கணினியின் விசிறி மட்டும் மழையோடு போட்டியிட்டு இரைந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று நிமிடம் சென்றபின் கெர்னல் விழித்துக்கொண்டு, நினைவகம் தீர்ந்துபோனால் ஏதேனுமொரு செயன்முறையைப் பலியிட்டு மற்றவற்றைக் காக்கும் தன் கடைசி உபாயத்தைக் கையாண்டது. பலியானது பையன் எழுதிய நிரல் அல்ல. ஒரு குற்றமும் அறியாமல் வெளியே திறந்திருந்த உலாவியின் ஒரு தாள்.

16 காம்பரா, ஒரு பீலி

இந்தக் காட்சியைக் கண்டதும் எனக்கு என் அப்பாயி இருந்த தோட்டக் குடியிருப்பு வரிசையான லயம் ஞாபகத்துக்கு வந்தது. கணினிச் சரித்திரத்தில் லயத்தை இழுப்பானேன் என்று கேட்கும் வாசகர், ஒரு பந்தி பொறுத்தருள வேண்டும்.

அந்த லயத்தில் 16 காம்பராக்கள். ஒவ்வொன்றும் 10 அடிக்கு 12 அடி. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரைத் தகரத்தைத் தொடாமல் முக்கால் உயரத்திலேயே நின்றுவிட்டபடியால், ஐந்தாம் காம்பராவில் மிளகாய் வறுத்தால் பன்னிரண்டாம் காம்பராவில் தும்மல் கேட்கும். லயத்தின் கோடியில் ஒரே பீலி. மலையிலிருந்து இறங்கிய நீர் சீமெந்துத் தொட்டியில் விழும். 16 குடும்பத்துக் குடங்களும் அங்கேதான் நிறையவேண்டும்.

வரட்சிக் காலமொன்றில், கடைசிக் காம்பராவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பமொன்று இரண்டு தகரப் பீப்பாய்களை உருட்டிவந்து, விடியுமுன்னே தொட்டியை வடித்துவிட்டது. அவர்கள் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. யார் பாத்திரத்தையும் தொடவில்லை. சுவருக்குரிய மரியாதை பரிபூரணமாய்க் காக்கப்பட்டது. ஆனாலும் அன்று 15 வீடுகளில் உலை ஏறவில்லை.

விவகாரம் தோட்டத் தலைவரிடம் போயிற்று. அவர் அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்துப் பீலிச் சுவரில் 16 கட்டங்கள் கிழித்து, குடம் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று வைத்தார். பெரிய எழுத்தறிவு வேண்டாத அந்தக் கணக்கு அந்த வரட்சி முடியும்வரை ஓடியது. ஒரே ஒரு சிக்கல் மாத்திரம் வந்தது: மாசி மாதத்துக் காமன்கூத்துக்காகப் பொட்டலில் தெளிக்க எடுத்த நீர் எந்தக் கட்டத்தில் விழவேண்டும்? எல்லோருக்கும் பொதுவான காரியம் அல்லவா? "கொடத்த மொதல்ல தூக்குனது யாரோ, அவுக கணக்கு" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அப்பாயிதான் முதலில் தூக்கியவர். அந்தத் தீர்ப்பை அவர் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

கெர்னலை எழுதுவோர் முன்னே 2006ஆம் ஆண்டு நின்றது இதே பீலித் தகராறுதான். சுவர் பார்வையை மறைக்கும், பங்கை அளக்காது. அளப்பதற்கு வேண்டியது கரித்துண்டு.

பங்கிடவேண்டிய பொருள்களுள் செயலியின் நேரம் ஓரளவு சுலபமானது. அது பீலியில் விழும் தாரையைப் போன்றது. முறை வைத்து விடலாம். ஒருவன் இன்று பொறுத்தால் நாளை பெறுவான். தாமதம் ஆகுமேயன்றி வேலை நின்றுபோகாது. பெங்களூரில் ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய ஸ்ரீவத்ச வடகிரி என்பவரின் முயற்சியால், செயலி நேரத்தைக் குழுக்குழுவாகப் பங்கிடும் ஏற்பாடு 2008 ஜனவரிப் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. நினைவகமோ பீப்பாயில் பிடித்துவைத்த நீர். ஒருவன் வைத்திருக்கும்வரை அது மற்றவனுக்கு இல்லை. அவனிடமிருந்து பிடுங்கினாலன்றி வராது. பிடுங்கினால் அவன் வேலை கெடும். ஆகவே இவ்வாரம் நினைவகத்தின் கதையிலேயே நிற்போம்.

தரையில் கிழித்த கோடு

முயற்சிகள் இல்லாமலில்லை, அதிகமாகவே இருந்தன.

2004ஆம் ஆண்டளவில் ஐபிஎம் பொறியாளர்கள் 'சிகேஆர்எம்' என்ற பெயரில், செயன்முறைகளை வர்க்கங்களாகப் பிரித்து ஒவ்வொரு வர்க்கத்துக்கும் இவ்வளவு என்று வளங்களைப் பகிரும் பெரியதொரு திட்டத்தை முன்வைத்தார்கள். திட்டம் விஸ்தாரமானது, விஸ்தாரமே அதற்கு வினையாயிற்று. கெர்னலின் பல மூலைகளிலும் ஏககாலத்தில் கைவைக்கும் நிரலை யாரும் எளிதில் வீட்டுக்குள் விடுவதில்லை. அது லினக்ஸின் பிரதான ஓட்டத்தில் சேரவேயில்லை.

ஓப்பன்விஇசட் திட்டத்து ரஷ்யப் பொறியாளர்கள் 'பீன்கவுன்டர்' என்ற கணக்கு முறையொன்றை நெடுநாளாக வைத்திருந்தார்கள். ஆங்கில வழக்கில் அது கணக்கெழுதுபவனைக் கேலிசெய்யும் சொல். நம் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை ஐயாவைக் கேலிசெய்யும் துணிவு யாருக்கும் இருந்ததில்லை என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

இவற்றுக்கு நடுவே, ஏறத்தாழ வேடிக்கை என்றே சொல்லத்தக்க ஒரு யுக்தியும் உலாவிற்று. பெரிய கணினிகளில் நினைவகம் பல தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு செயலியின் அருகே இருப்பதுண்டு. அத்தகைய கணினிகளுக்காக எஸ்ஜிஐ நிறுவனத்துப் பால் ஜாக்சனும் புல் நிறுவனத்துச் சைமன் டெரும் அமைத்த 'சிபியுசெட்' என்ற ஏற்பாடு, இன்ன செயன்முறைகள் இன்ன தொகுதியில் மட்டுமே இடம்பெறலாம் என்று வரையறுத்தது. 2005இல் அது லினக்ஸில் சேர்ந்தது. சாதாரணக் கணினியிலோ நினைவகம் ஒரே தொகுதி. இருந்தாலும், கணினி எழும்பும் வேளையிலேயே 'உன் நினைவகம் பல தொகுதி என்று பாசாங்கு செய்' என்று கெர்னலுக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்த் தொகுதிகளை ஒவ்வொரு குழுவுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம் அல்லவா? கொடுத்தார்கள். டேவிட் ரியன்ட்ஜெஸ் என்பவர் அதற்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பே எழுதி, தொகுதி ஒன்று 512 மெகாபைட் என்று உதாரணமும் காட்டினார்.

தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்துப் பாகம் பிரித்த கதைதான். கோட்டைக் கணினி எழும்பும்போது ஒருமுறை கிழித்தால், அடுத்தமுறை எழும்பும்வரை அழிக்க இயலாது. ஒரு குழுவுக்கு அரைத் தொகுதி போதுமென்றால் மிச்சப் பாதி வீண். ஆயினும் வேலை நடந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ.

குழு என்பதற்கு ஒரு கோப்புறை

இந்தச் 'சிபியுசெட்' ஏற்பாட்டை உற்றுநோக்கிய ஒருவர் கூகுளில் இருந்தார். பால் மெனேஜ் என்பது அவர் பெயர். அவரும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய முயற்சியிலிருந்துதான் இக்கதையின் பிற்பகுதி முழுவதும் கிளைக்கிறது.

மெனேஜ் கண்டுகொண்ட சூக்ஷ்மம் இது: நினைவகத்தை எப்படி அளப்பது, செயலியை எப்படி அளப்பது என்ற சச்சரவுகளுக்கெல்லாம் முந்தியது, யார் யார் ஒரு குழு என்ற கேள்வி. அதை மட்டும் தனியே பிரித்து ஒருமுறை தீர்த்துவிட்டால், அளக்கும் வேலையை ஒவ்வொரு வளத்துக்கும் ஒவ்வொருவர் பின்னர் எழுதிக்கொள்ளலாம். 'சிபியுசெட்' ஏற்கெனவே குழுக்களைக் கோப்புறைகளாகக் காட்டிற்று. அந்த வடிவத்தை அவர் பொதுவாக்கினார். கோப்புறை ஒன்று உண்டாக்கினால் குழு ஒன்று பிறந்தது. அதனுள்ளே இருக்கும் பட்டியல் கோப்பில் ஒரு செயன்முறையின் இலக்கத்தை எழுதினால் அது குழுவில் சேர்ந்தது. அதன் பின் அதற்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் கேட்காமலே அந்தக் குழுவினரே.

இதை, தோட்டத்து ஆட்களைக் கூட்டமாய்த் திரட்டி மேய்த்த கங்காணி முறையோடு ஒப்பிட்டுப் பேச என் நாக்கு துறுதுறுக்கிறது. கொஞ்ச நேரம் அடக்கிவைக்கிறேன்.

மெனேஜ் இதற்கு முதலில் இட்ட பெயர் 'கண்டெய்னர்'. அந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் வழங்கிக் குழப்பம் மிகுந்தபடியால், 2007இன் பிற்பகுதியில் அதைக் கைவிட்டுக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்; 'சிகுரூப்' என்று அது சுருங்கிற்று. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் டாக்கர் என்ற கண்டெய்னர் மென்பொருளை மேடையேற்றியபோது, கைவிட்ட அந்தப் பெயரே உலகமெங்கும் கொடிகட்டிப் பறக்கப்போகிறது என்பதை அன்று யாரும் அறியார்.

பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி

குழு என்றால் என்ன என்பது இவ்வாறு தீர்ந்துவந்தது. கரித்துண்டு இன்னும் வரவில்லை.

2006 ஒக்டோபர் இறுதியில், வடகிரி இருந்த அதே லினக்ஸ் மையத்தைச் சேர்ந்த பல்பீர் சிங் என்பவர் கெர்னலை எழுதுவோரின் பொது மடலாடலில் ஒரு வேண்டுகோளை வைத்தார். ஐபிஎம் ஒரு வழி, ஓப்பன்விஇசட் ஒரு வழி, கூகுள் ஒரு வழி என்று நினைவகத்தை அடக்கும் நிரல்கள் பல ஏற்கெனவே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த வேளை அது. இன்னொரு நிரலை எழுதிக் குவியலின் மேல் போடுவது அவருக்குப் பெரிய காரியமாய் இருந்திராது. அவர் அதைச் செய்யாமல், நினைவகக் கட்டுப்பாடு என்று ஒன்று வேண்டுமானால் அதில் குறைந்தபட்சம் எவை இருந்தே தீரவேண்டும், எவற்றில் நாம் எல்லோரும் ஒன்றுபடுகிறோம் என்று கேட்டார்.

இந்தக் கேள்வியையே நான் இவ்வத்தியாயத்தின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். சாமர்த்தியசாலிகள் கூடும் சபையில் விடையோடு வருகிறவர் பலர். எல்லோருக்கும் பொதுவான கேள்வியைக் கொண்டுவருகிறவர் அரியர். சிகேஆர்எம் திட்டம் வீழ்ந்த இடத்தில் இது வீழாமல் நின்றதற்குக் காரணம் நிரலின் நேர்த்தியைவிட இந்த அடக்கமே என்பது என் அபிப்பிராயம்.

2007 பெப்ரவரியில் சிங் தம் முதல் நிரலை வெளியிட்டார். ஓப்பன்விஇசட் தரப்பிலிருந்து பாவெல் எமெல்யானோவ் என்பவர் அடுத்த சில மாதங்களில் தம் பங்குக்கு மூன்று வடிவங்களை வெளியிட்டார். எதிரிகளாய் நின்றிருக்க வேண்டியவர்கள். ஒருவர் எழுதிய எண்ணியை மற்றவர் எடுத்தாளும் தோழர்களானார்கள்.

ஆனால் அந்த நிரல்கள் எல்லாவற்றிலும் ஒரு பொத்தல் இருந்தது.

ஒட்டாவா, 2007 ஜூன்

பொத்தல் என்னவென்று விளங்க, நினைவகம் இரண்டு விதமாகச் செலவாவதைச் சற்று நிதானமாய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு செயன்முறை தன் கணக்கீடுகளுக்காக எடுத்துத் தன் முகவரி வெளியில் பொருத்திவைத்துக்கொள்ளும் பக்கங்கள் ஒரு விதம். இவை காம்பராவுக்குள் வைத்த மூட்டைகள், எண்ணுவது சுலபம். மற்றொன்று நூதனமானது. வட்டிலிருந்து ஒரு கோப்பை வாசித்தால், கெர்னல் அதை வாசித்தவன் கையில் கொடுத்ததோடு நில்லாமல், நாளைக்கு யாரேனும் கேட்கக்கூடும் என்று ஒரு பிரதியை நினைவகத்திலேயே தேக்கிவைக்கிறது. இந்தத் தேக்கம் எந்தச் செயன்முறையின் முகவரி வெளியிலும் பொருந்தியிருக்கவேண்டிய கட்டாயமில்லை. லயத்து இஸ்தோப்பில் அடுக்கிவைத்த விறகுபோல, அது காம்பராவுக்கு வெளியே கிடக்கிறது.

முதல் நிரல்கள் மூட்டையை எண்ணின, விறகை எண்ணவில்லை. ஆகவே, தனக்கென்று நாலு மெகாபைட்டுக்கு மேல் எடுக்காத ஒரு பரமசாது, வட்டிலுள்ள பெருங்கோப்பு ஒன்றை அடிமுதல் நுனிவரை வாசித்தே கணினியின் நினைவகம் முழுவதையும் விறகால் நிரப்பிவிட முடியும். அவன் கணக்கிலோ ஒரு புள்ளியும் விழாது.

தேக்கத்துக்கென்று தனியே ஓர் ஏட்டைத் திறக்கும் நிரலைச் சிங்கின் சகாவான வைத்தியநாதன் ஸ்ரீனிவாசன் எழுதியிருந்தார். மூட்டைக்கு ஓர் ஏடு, விறகுக்கு ஓர் ஏடு. சிங்கும் ஸ்ரீனிவாசனும் அந்த ஆண்டு ஜூன் கடைசியில் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டுக்கு, நினைவகத்தை அடக்குவதிலுள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரையே அளித்திருந்தார்கள்.

அந்த மாநாட்டில், வள மேலாண்மையைப் பற்றிப் பேசுவதற்காகவே விருப்பமுள்ளோர் கூடிய அமர்வு ஒன்றும் இருந்தது. பிரதான மேடையைவிட இத்தகைய கூட்டங்களில்தான் காரியம் முடியும் என்பதை மாநாடு கண்டவர்கள் அறிவார்கள். அங்கே எல்லோரும் ஒரே அபிப்பிராயம் சொன்னார்கள்: இரண்டு ஏடு வேண்டாம்; மூட்டையும் விறகும் ஒரே ஏட்டில் விழட்டும்.

ஏன்? ஒரே பக்கம் இரண்டும் ஆகலாம் என்பதுதான் காரணம். கோப்பிலிருந்து தேங்கிய பக்கத்தையே ஒரு செயன்முறை தன் முகவரி வெளியிலும் பொருத்திக்கொள்ளலாம், பிறகு விட்டுவிடலாம். இன்று விறகாய் இஸ்தோப்பில் கிடப்பது நாளை காம்பராவுக்குள் போகும். மறுநாள் வெளியே வரும். ஏடு இரண்டானால் ஒன்று, அதே பக்கம் இருமுறை எண்ணப்படும். இல்லையேல் இரண்டுக்கும் நடுவே நழுவிவிடும். பக்கம் எங்கே கிடக்கிறது என்று பாராமல், அது யாரால் வந்தது என்று மட்டுமே பார்க்கவேண்டும்.

மாதக்கணக்காய் எழுதியதை மாற்றிக்கொண்டு சிங்கும் கூட்டாளிகளும் ஊர் திரும்பினார்கள். அதன் பின் வந்த வடிவங்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணின.

முதலில் தொட்டவன்

ஒரே ஏடு என்று தீர்மானமானதும், அப்பாயியின் வழக்கு அப்படியே வந்து நின்றது. ஒரு பக்கத்தைப் பத்துக் குழுக்கள் பொதுவாகப் பயன்படுத்தினால் புள்ளி யார் கட்டத்தில்?

பத்தாகப் பிரித்துப் பங்குக்கொரு பின்னம் வைப்பது நியாயம்போலத் தோன்றும். அதைச் செய்யப் புகுந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் எவ்வெவர் தொடுகிறார் என்ற பட்டியலை இடைவிடாது புதுப்பிக்கவேண்டும். கணக்கெழுதும் செலவிலேயே கணினி களைத்துவிடும். கெர்னல்காரர்கள் தோட்டத் தலைவரின் தீர்ப்பையே எழுதினார்கள்: முதலில் தொட்டவன் கணக்கு. நினைவகம் நெருக்கடிப்பட்டு அந்தப் பக்கம் ஒருமுறை வெளியேற்றப்பட்டால், அடுத்து அதைக் கொண்டுவருபவன் கணக்குக்குப் போகும். ஆக, உண்மையில் அதிகமாய்ப் பயன்படுத்துபவன் தலையிலேயே நாளடைவில் அது இறங்கும் என்பது அவர்கள் சமாதானம். அப்பாயி கேட்டிருந்தால், "நாளடைவுல சரி, அன்னிக்கி?" என்றிருப்பார்.

அடக்கிவைத்த கங்காணி விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஒரு செயன்முறை ஒரு குழுவை விட்டு மற்றொரு குழுவுக்கு மாறினால், அது ஏற்கெனவே செலவழித்த நினைவகம் என்னாகும்? முதல் ஏற்பாட்டின்படி, கடன் பழைய குழுவின் கணக்கிலேயே நின்றுவிடும். ஆள் மட்டும் வெறுங்கையோடு புதிய குழுவுக்குப் போவான். நம் தோட்டங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, ஆள் ஒரு தோட்டத்தைவிட்டு நகரவேண்டுமானால் கங்காணியிடம் அவன் பேரிலுள்ள பற்று எவ்வளவென்று எழுதிய 'துண்டு' கூடவே நகர்ந்தது. அதைத் தீர்ப்பவனே அவனைப் பெற்றான். கெர்னலிலும் 2010இல் அந்தத் துண்டு முறை விருப்பத் தெரிவாக வந்து சேர்ந்தது என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன்.

கணக்குக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பக்கமும் 4,096 பைட். எந்தக் குழுவுடையது என்று குறிக்க ஒவ்வொன்றின் குறிப்பேட்டிலும் 8 பைட் கூடுதலாக வேண்டும். 4 கிகாபைட் கணினியில் 10,48,576 பக்கங்கள்; ஆக, 8 மெகாபைட் குறிப்புக்கே சரி. அற்பத் தொகைதான். ஆனால் அந்தக் குறிப்பேடு கெர்னலில் மிகவும் கஞ்சத்தனமாய்க் காக்கப்படும் இடம். அங்கே ஒரு பைட்டைச் சேர்ப்பது கோயில் மூலஸ்தானத்தில் ஆணியடிப்பது போன்றது. முறுமுறுப்பு எழுந்தது; பின்னாளில் அந்தக் குறியைத் தனி வரிசைக்கு மாற்றினார்கள்; 2015இல் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைப் பயன்படுத்தாதவர்கள் இந்தச் சுமையைத் தாங்குவானேன் என்று டெபியன் போன்ற விநியோகங்கள் நெடுங்காலம் இதை அணைத்தே அனுப்பின.

மெனேஜின் குழுக்கள் 2008 ஜனவரி 24 அன்று லினக்ஸ் 2.6.24இல் வெளிவந்தன. பல்பீர் சிங்கின் நினைவகக் கணக்கு ஏப்ரல் 17 அன்று 2.6.25இல் வந்தது. அன்றுமுதல் ஒரு குழு தன் எல்லையை மீறினால் கெர்னல் முதலில் அந்தக் குழுவின் பக்கங்களையே தேடிப் பிடுங்கும். போதாவிட்டால் அந்தக் குழுவுக்குள்ளேயே ஒருவனைப் பலியிடும். பக்கத்து வீட்டுக்காரன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கரிக்கோட்டை அழித்த கை

மழை விடுவதாயில்லை. பையனுக்கு ஒரு தேநீர் கொடுத்துவிட்டு, மறுபடியும் அதே சுவருக்குள் அதே நிரலை ஓட்டச் சொன்னேன். இம்முறை வெளிச் சன்னலிலிருந்து ஒரு குழுக் கோப்புறையை உண்டாக்கி, எல்லைக் கோப்பில் 50 மெகாபைட் என்று எழுதி, உள்ளிருந்த ஷெல்லை அதில் சேர்த்தோம்.

முதலில் நிரல் சாகவில்லை. 50ஐத் தொட்டதும் வட்டிலுள்ள இடமாற்றுப் பகுதிக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கும் பூஜ்யம் என்று எழுதினோம். இப்போது ஓட்டியதும், கண்மூடித் திறக்குமுன் நிரல் மடிந்தது. பாட்டு ஒரு சுரம் பிசகவில்லை. பையன் கைதட்டினான்.

பிறகு அவன் முகம் மாறியது. உள்ளிருந்த ஷெல்லில், 'நான் யார்' என்று கேட்கும் கட்டளையைத் தட்டினான். 'ரூட்' என்று விடை வந்தது. சுவருக்கு வெளியே இந்தக் கணினி முழுவதையும் ஆளும் அதே ரூட். பயனர் இலக்கம் அங்கேயும் 0, இங்கேயும் 0.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். உள்ளே இருந்தபடியே, நாங்கள் 50 என்று எழுதிய அந்த எல்லைக் கோப்பைத் திறந்து, அதில் 'எல்லை இல்லை' என்று எழுதிவிட்டு, நிரலை மறுபடியும் ஓட்டினான். பாட்டு விக்கத் தொடங்கியது.

"சேர், கரிக்கோட்ட உள்ள இருந்தே அழிச்சிட்டேன்" என்றான். "இவன் காம்பராவுக்குள்ள மட்டும் தொரையா இருக்கணும், வெளிய வந்தா வெறும் பேராளா இருக்கணும். அப்படி ஒருத்தன எப்படி சேர் செய்றது?"

2008இல் லினக்ஸை எழுதியவர்களிடம் அதற்கு முழுமையான விடை இல்லை. எரிக் பீடர்மேன் என்பவர் அந்த முடிச்சை அவிழ்த்து முடிக்க 2013 பெப்ரவரி வரை ஆயிற்று. ஒரே ஆளுக்கு உள்ளே 0 என்றும் வெளியே வேறொன்றென்றும் இரண்டு இலக்கம் கொடுத்துவிட்டால், அவன் உள்ளிருந்து உண்டாக்கும் கோப்பு வட்டில் யார் பேரில் பதிவாகும்?

(தொடரும்)